இரவில் உறைந்ததா? வசந்த காலப் பனிச்சறுக்கின் கணக்கு

ஏப்ரல் மாதத்தில் ஒரு மலை ரிசார்ட்டின் பனி அறிக்கையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஆழம். அடிவாரத்தில் இத்தனை சென்டிமீட்டர், உச்சியில் இத்தனை என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். டிசம்பரில் இந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. பாறையும் புதரும் மூடியிருக்கின்றனவா என்று அது சொல்லிவிடும். வசந்தத்தில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மூன்று மீட்டர் பனி கிடக்கும் ஒரே சரிவு காலை எட்டு மணிக்கு ஸ்கீயின் விளிம்பு கடிக்காத கெட்டித் தரையாக இருக்கும்; பத்தரை மணிக்கு யாரையும் நல்ல சறுக்குவீரராகக் காட்டும் அளவுக்கு இளகியிருக்கும்; ஒரு மணிக்கு முழங்கால்வரை உள்ளே இழுக்கும் சகதியாகிவிடும்.

இதையெல்லாம் தீர்மானிப்பது முந்தைய இரவு. பனியின் மேற்பரப்பு நன்றாக உறைந்ததா, அரைகுறையாக உறைந்ததா, உறையவே இல்லையா? எந்தச் சரிவுக்குப் போவது, எத்தனை மணிக்குப் போவது, எப்போது கிளம்பிவிடுவது என்ற கேள்விகள் எல்லாம் இதற்குப் பிறகுதான் வரும். வானிலை முன்னறிவிப்பில் பகலின் உச்ச வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு மலை ஏறுகிறவர்கள் பாதித் தகவலோடு ஏறுகிறார்கள்.

புதிதாக விழும் பனி நுண்ணிய கிளைகள் கொண்ட படிகம். வெயில் ஏறி மேற்பரப்பு சுழி டிகிரி செல்சியஸைத் தொட்டதும் அந்தக் கிளைகள் முதலில் கரைகின்றன. கூர்முனைகளும் சிறு மணிகளும் பெரிய உருண்டை மணிகளைவிட மிகச் சற்றே குறைந்த வெப்பநிலையில் கரையக்கூடியவை. அதனால் ஈரப் பனிக்குள் சின்ன மணிகள் மறைந்து, அந்த நீர் பெரிய மணிகளைச் சுற்றிப் படலமாக நிற்கிறது. இரவில் அந்தப் படலம் உறைந்து மணிகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. மறுநாள் வெயில் வந்தால் முதலில் விடுவது அந்தப் பிணைப்பு. மணி அப்படியே இருக்கும். பகலில் கரைவதும் இரவில் உறைவதும் சில நாட்கள் தொடர்ந்து நடந்தால், பனி முழுக்கச் சில மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டைப் பரல்களாக மாறிவிடுகிறது. சறுக்குவோர் கார்ன் ஸ்னோ என்று கொண்டாடுவது இதைத்தான். கெட்டியான அடித்தளம், அதன் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகிய பரல்கள்: விளிம்பு எளிதாகக் கடிக்கும், திருப்பம் வழுக்காமல் வரும், வேகமும் குறையாது.

இந்த நிலை ஏன் நெடுநேரம் நீடிப்பதில்லை என்பதற்கு வெப்பக் கணக்கில் பதில் இருக்கிறது. ஒரு கிலோ பனிக்கட்டியை மைனஸ் 10 டிகிரியிலிருந்து சுழிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 21 கிலோஜூல் போதும். சுழி டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிலோவைக் கரைக்க 334 கிலோஜூல் வேண்டும், அதாவது சுமார் 16 மடங்கு. குளிர்காலப் பனிப்படிவு முழுக்கச் சுழிக்குக் கீழே இருக்கும். வசந்தத்தில் மேலே கரையும் நீர் உள்ளே இறங்கி, குளிர்ந்த அடுக்குகளில் உறைந்து, அங்கே வெப்பத்தை விட்டுவிடுகிறது. இப்படியே போய் ஒரு கட்டத்தில் மேலிருந்து தரைவரை முழுப் படிவும் சுழி டிகிரிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அதற்குள் குளிர் இருப்பு என்று ஒன்று கிடையாது. அன்றன்றைய இரவு எவ்வளவு உறைய வைக்கிறதோ அவ்வளவுதான் மறுநாளைய முதலீடு. நல்ல இரவு ஒரு சாண் அளவுக்குக்கூட உறையவைக்கும். மோசமான இரவில் மெல்லிய ஓடுபோல ஒரு தோல் மட்டும் வரும், மனிதர் ஏறினால் உடையும்.

நல்ல இரவு என்றால் கடுங்குளிர் இரவு என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பனி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பொருள். ஆனால் அகச்சிவப்புக் கதிர்களைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய முழுக் கருப்பு. இரவு முழுக்க வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கும். மேகமில்லாத, வறண்ட வானமாக இருந்தால் அந்த வெப்பம் பெரும்பகுதி திரும்பி வருவதில்லை. அப்போது காற்றின் வெப்பநிலை சுழிக்கு மேல் இரண்டு மூன்று டிகிரி இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் போர்த்திய இரவில் கதை மாறும். மேகம் கீழ்நோக்கி வெப்பத்தை அனுப்பிக்கொண்டே இருப்பதால், வெப்பமானி சுழியைக் காட்டினாலும் பனி ஈரமாகவே விடியும்.

ஈரப்பதத்துக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. வறண்ட காற்று பனியிலிருந்து நீரை ஆவியாக்கி எடுத்துக்கொண்டு போகும்போது கூடவே வெப்பத்தையும் எடுத்துப் போகிறது, பனி குளிர்கிறது. ஈரக் காற்று நேர் எதிர். அதிலிருக்கும் நீராவி குளிர்ந்த பனிமேல் படிந்து நீராகும்போது வெளிவிடும் வெப்பம் மிக அதிகம். ஒரு கிலோ நீராவி அப்படிப் படிந்தால் ஏழு கிலோவுக்கும் மேல் பனியைக் கரைக்கலாம். வெயிலே இல்லாத, மூடுபனி சூழ்ந்த, காற்றடிக்கும் ஒரு நாள் பளிச்சென்ற வெயில் நாளைவிட அதிகப் பனியைத் தின்றுவிடுவது இதனால்தான். அறிக்கையைப் படிக்கும்போது பகல் உச்ச வெப்பநிலைக்கு முன்னால் இரவு மேகமூட்டத்தையும், காற்றிலிருக்கும் நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிப்புள்ளியையும் பாருங்கள். பனிப்புள்ளி சுழிக்கு நன்றாகக் கீழே இருந்து வானமும் தெளிவாக இருந்தால் காலை எழுந்திருப்பதில் பொருள் உண்டு.

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர் கார்ன் ஸ்னோவுக்குப் பேர் பெற்றதும் இப்படித்தான். குளிர்காலத்தில் பசிபிக் புயல்கள் அடர்த்தியான பனியைக் குவித்துவிட்டுப் போகும். வசந்தம் வந்தால் நாட்கணக்கில் தெளிந்த வானம், வறண்ட இரவுகள். கொலராடோவின் உயர்ந்த ரிசார்ட்டுகளில் நிலைமை வேறு. அரபஹோ பேசினின் அடிவாரமே 3,286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏப்ரலிலும் தூள்பனி விழும். இன்று குளிர்காலம், நாளை வசந்தம் என்று மாறி மாறி வரும். வசந்தத்தில் விழும் புதுப்பனியை அன்று காலையிலேயே அனுபவித்துவிட வேண்டும். நண்பகல் வெயில் பட்டதும் அது கனத்து ஒட்டும் பசையாகிவிடுகிறது, அடுத்த சில நாட்கள் உறைந்து கரைந்து பரலாக முதிரும்வரை அது எதற்கும் உதவாத இடைநிலை. ரிசார்ட் விளம்பரங்களில் இந்த இடைநிலைக்கு மட்டும் ஏனோ படம் இருப்பதில்லை.

சூரியனின் கோணத்தைப் பார்ப்போம். வட அட்சரேகை 40 டிகிரியில், டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 26 டிகிரி சொச்சம்தான் ஏறும். மார்ச் சமஇரவு நாளில் 50 டிகிரி. தெற்கு நோக்கி 30 டிகிரி சாய்ந்த ஒரு சரிவுக்கு அந்த மார்ச் வெயில் கிட்டத்தட்டச் செங்குத்தாக, 80 டிகிரியில் விழுகிறது. வடக்கு நோக்கிய அதே சாய்வுள்ள சரிவுக்கு 20 டிகிரி; டிசம்பரில் அதற்கு நேரடி வெயிலே கிடையாது. ஒரே மலையில், ஒரே நேரத்தில், தெற்கு முகம் வசந்தத்திலும் வடக்கு முகம் குளிர்காலத்திலும் இருப்பது இந்தக் கோணத்தால்தான். காஷ்மீரின் குல்மார்க் போல இன்னும் தெற்கே, 34 டிகிரியில் இருக்கும் மலைகளில் சூரியன் இன்னும் உயரமாக ஏறுகிறது. அங்கே அஃபர்வட் உச்சிக்குப் போகும் கோண்டோலா ஏறக்குறைய 4,000 மீட்டரை எட்டுவதால்தான் மேல் சரிவுகளில் பனி தாக்குப்பிடிக்கிறது.

ஆகவே வசந்தத்தில் சறுக்குவோர் வெயிலைப் பின்தொடர்ந்து மலையைச் சுற்றி வருவார்கள். காலையில் கிழக்கு முகம், முற்பகலில் தெற்கு, பிறகு மேற்கு. நல்ல உறைவுக்குப் பிறகு ஒவ்வொரு முகத்துக்கும் கிடைக்கும் நல்ல நேரம் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி. சீக்கிரம் போனால் கெட்டித் தரையில் பல் நடுங்க இறங்க வேண்டும். ஒரு காபி நேரம் காத்திருந்தால் அதே இடம் இளகியிருக்கும். தாமதித்தால் அந்த முகம் போனது போனதுதான், அடுத்ததற்கு நகர வேண்டும். வடக்கு முகத்துக்கு மட்டும் இந்தச் சுழற்சியில் இடமில்லை. அதில் பனி பழைய குளிர்காலப் பனியாகக் காய்ந்தே இருக்கலாம், அல்லது ஒருமுறை கரைந்து உறைந்து நாள் முழுக்க இளகாத ஓடாகக் கிடக்கலாம். எது என்று, சறுக்குவோரைக் கம்பியில் மேலே ஏற்றிவிடும் லிஃப்டின் ஊழியரைக் கேட்டால் ஒரு சொல்லில் சொல்லிவிடுவார். ரிசார்ட்டின் இணையப் பக்கத்தைவிட அவர் சொல் நம்பகமானது.

பாதையின் பனியைச் சீவிச் சமன்செய்ய இரவில் ஓடும் க்ரூமர் இயந்திரங்கள் இந்த இயற்கைச் சுழற்சிக்குள் கை வைக்கின்றன. பனி ஈரமாக இருக்கும்போதே சீவிவிட்டால், அந்த வரிகள் அப்படியே உறைந்து காலையில் சீரான, ஆனால் மிகக் கெட்டியான பாதை கிடைக்கும். உறைந்த பிறகு சீவினால் கட்டிகள் உடைந்து முஷ்டி அளவில் பாதை நெடுகச் சிதறிக் கிடக்கும். ஸ்கீக்கு அடியில் அவை உருளும்போது கணுக்கால் பதறும். எந்த மணிக்கு எந்தப் பாதையில் இயந்திரத்தை இறக்குவது என்பதில் மேற்பார்வையாளரின் அனுபவம் தெரிந்துவிடும். பந்தயத் தடங்களில் இன்னொரு உபாயமும் உண்டு: உப்பு. ஈரப் பனிமேல் தூவும் உப்பு கொஞ்சம் பனியைக் கரைக்கும். கரைவதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ள பனியிலிருந்து இழுக்கும். அதனால் கீழே இருக்கும் ஈரம் உறைந்து தடம் சில மணி நேரம் கெட்டிப்படும். ஓரிகனில் மவுண்ட் ஹூட் மலையின் பாமர் பனிவெளியில் கோடைக்காலப் பந்தயப் பயிற்சிகள் நடப்பதற்கு இந்த உப்பும் ஒரு காரணம்.

ஸ்கீ ஏன் சில இடங்களில் திடீரென்று பிடித்து நிறுத்துவதுபோல் ஒட்டுகிறது? ஸ்கீயின் அடிப்பரப்புக்கும் பனிக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் நன்றாக வழுக்கும். நீர் மிகுந்துவிட்டால் அதே படலம் இரு பரப்புகளையும் உறிஞ்சிப் பிடிக்கத் தொடங்குகிறது. இதைத் தவிர்க்கத்தான் அடிப்பரப்பில் நீர் வெளியேற ஆழமான வரிகள் செதுக்குகிறார்கள், வெப்பப் பனிக்கென்று தனி மெழுகு பூசுகிறார்கள். ஆனால் வசந்தப் பனி அழுக்கானது. குளிர்காலம் முழுக்க விழுந்த தூசி, மரப்பட்டைத் துகள், மகரந்தம், லிஃப்ட் கம்பியிலிருந்து சொட்டிய எண்ணெய் எல்லாம், பனி கரையக் கரைய மேற்பரப்பில் சேர்ந்துவிடுகின்றன. காலையில் பூசிய மெழுகு நண்பகலுக்குள் அழுக்கேறிப்போகும். நிழலிலிருந்து வெயிலுக்குள் நுழையும் எல்லையில் இந்தப் பிடிப்பு மிக மோசமாக இருக்கும். வேகமாக வந்து அங்கே முன்னால் சாய்ந்து விழுகிறவர்களை எந்த ஏப்ரல் பிற்பகலிலும் பார்க்கலாம். அங்கே எடையைச் சற்றுப் பின்னுக்கு வாங்கிக்கொள்வதும், களைத்துப்போனால் இறங்கிவிடுவதும் முழங்கால் மூட்டுக்கு நல்லது. கனத்த சகதியில் ஸ்கீ ஒரு பக்கம் நிற்க உடல் இன்னொரு பக்கம் திரும்பும்போதுதான் தசைநார்கள் கிழிகின்றன.

அழுக்கு வழுக்கலை மட்டும் கெடுப்பதில்லை. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஈரமான பழைய பனி 50, 60 சதவீதத்தைத்தான் அனுப்பும். அதாவது உள்வாங்கும் வெப்பம் இரண்டு மூன்று மடங்காகிறது. அதன்மேல் தூசியும் படிந்தால் இன்னும் கூடுகிறது. கொலராடோவின் சான் ஹுவான் மலைகளில் பாலைவனத் தூசி படிந்த ஆண்டுகளில் பனி வாரக்கணக்கில் முன்கூட்டியே மறைந்துவிடுவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைகளில் 2021 பிப்ரவரியிலும் 2022 மார்ச்சிலும் சஹாரா தூசி விழுந்து சரிவுகள் காவி நிறமாகிப்போயின. புதுப்பனி மூடியதும் காவி மறைந்துவிடும், ஆனால் அந்த அடுக்கு உள்ளேயே இருக்கும். மே மாதம் கரைவு அதை எட்டும்போது மறுபடி வெளிவந்து வேலையைக் காட்டும். கோடை நெருங்கும்போது சில இடங்களில் பனி இளஞ்சிவப்பாகத் தெரிவது வேறு சங்கதி. அது பனியில் வாழும் பாசி. அதுவும் நிறத்தால் வெப்பத்தை ஈர்க்கிறது.

இரவு உறையவில்லை என்றால் சறுக்குவதில் இன்பம் குறையும் என்பதோடு போய்விடுவதில்லை, ஆபத்தும் வருகிறது. அவலாஞ்ச் எனப்படும் பனிச்சரிவு குளிர்காலத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வசந்தத்தின் முதல் பெரிய வெப்ப அலைதான் மிகவும் கவனிக்க வேண்டிய நேரம். அதுவரை உலர்ந்திருந்த பனிப்படிவுக்குள் முதல்முறையாக நீர் இறங்குகிறது. குளிர்காலம் முழுக்க உள்ளே புதைந்திருந்த பலவீனமான அடுக்கை அது எட்டினால், மணிகளுக்கு இடையிலான பிணைப்பு விட்டுப்போய், அதற்கு மேலுள்ள பனி முழுவதும் ஒரே பலகையாக நகரலாம். வழுவழுப்பான புல்தரையிலும் பாறையிலும் பனி அடியோடு வழுக்கி இறங்குவதும் உண்டு. ஈரப் பனிச்சரிவு மெதுவாக நகர்வதுபோலத் தோன்றும். ஆனால் அதன் எடை உலர்பனியைவிடப் பல மடங்கு. நின்றதும் அது இறுகிவிடும், புதைந்தவரைத் தோண்டி எடுப்பது கடினம்.

ஐரோப்பிய ஆல்ப்ஸின் பனிச்சரிவு எச்சரிக்கை அமைப்புகள் வசந்தத்தில் ஒரே நாளுக்கு இரண்டு நிலைகள் கொடுப்பது இதனால்தான். காலையில் தாழ்ந்த அபாயம், பிற்பகலில் உயர்ந்த அபாயம். அனுபவசாலிகள் கைக்கொள்ளும் அளவுகோல் எளியது: காலணி கணுக்கால்வரை புதையத் தொடங்கினால் அந்த முகத்தை விட்டு விலகு. மேலே பாறைகளுக்கு அடியிலிருந்து பனி உருண்டைகள் சக்கரம்போலச் சுருண்டு இறங்கத் தொடங்கினாலும் அதே செய்திதான். ரிசார்ட் எல்லைக்குள் ரோந்துக் குழு பிற்பகலில் செங்குத்தான பாதைகளைக் கயிறு கட்டி மூடினால் பலர் முகம் சுளிக்கிறார்கள். இரவு உறையாத நாளில் அந்தக் கயிறு காலையிலேயே கட்டியிருக்க வேண்டும் என்பேன்.

கயிறும் லிஃப்டும் க்ரூமரும் இல்லாத வசந்தச் சறுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் டக்கர்மன் பள்ளத்தாக்கு நல்ல சான்று. மவுண்ட் வாஷிங்டன் மலையின் ஒரு பக்கத்தில் கிண்ணம்போலக் குடைந்த இடம் அது. குளிர்காலம் முழுக்க மலையுச்சியின் பனியைக் காற்று அள்ளி அங்கே கொட்டுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பனி ஓரளவு நிலைப்பட்டதும் மக்கள் ஸ்கீயைத் தோளில் சுமந்து மேலே நடந்து ஏறி, செங்குத்தான தலைச்சுவரில் இறங்குகிறார்கள். 1939 ஏப்ரலில் இன்ஃபெர்னோ என்ற பந்தயத்தில் ஆஸ்திரியரான டோனி மாட் அந்தச் சுவரில் திரும்பாமல் நேர்க்கோட்டில் பாய்ந்து, உச்சியிலிருந்து அடிவாரம்வரை 6 நிமிடம் 29 வினாடியில் வந்து சேர்ந்தார். இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். இதைக் கேட்டு உற்சாகப்படுகிறவர்கள் அங்கே வசந்தத்துக்கே உரிய ஆபத்துகளையும் தெரிந்துகொள்ள வேண்டும்: மேலிருந்து பெயர்ந்து விழும் பனிக்கட்டிகள், பாறைக்கும் பனிக்கும் நடுவே திறக்கும் ஆழ்பிளவுகள், அடியில் ஓடும் நீரால் உள்ளீடற்றுப்போன பனிக்கூரைகள். மேலிருந்து இறங்குகிறவருக்கு இவற்றில் பாதி கண்ணுக்கே தெரியாது. ஏறிப் போன வழியிலேயே இறங்குவது அங்கே எழுதாத விதி.

வெயிலைப் பற்றி இரண்டு வாக்கியம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்புகிறது, ஆகவே தாடைக்கு அடியிலும் மூக்குத் துளையிலும்கூடத் தோல் கருகும், கண்ணாடி போடாவிட்டால் மாலையில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும்.

ரிசார்ட்டுகள் மூடும் நாளைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். கலிஃபோர்னியாவில் ஆண்டின் பனி இருப்பை அளக்க ஏப்ரல் 1 என்ற நாளை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். பனி உச்சத்தைத் தொடுவது அந்தச் சமயத்தில் என்பதால். உயர்ந்த மலைகளில் பனி ஆழமாக இருக்கும் அதே ஏப்ரலில்தான் பல ரிசார்ட்டுகள் கதவைச் சாத்துகின்றன. ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது, பருவகால ஊழியர்களின் ஒப்பந்தம் முடிகிறது, வாடிக்கையாளர்கள் சைக்கிளுக்கும் கடற்கரைக்கும் மாறிவிடுகிறார்கள். ஆளில்லாத லிஃப்டை ஓட்ட யாருக்கும் கட்டாது. தாக்குப்பிடிக்கும் சில இடங்களுக்கு உயரமோ, பிடிவாதமோ, இரண்டுமோ இருக்கிறது. அரபஹோ பேசின் 2019இல் ஜூலை 4 வரை ஓடியது. கலிஃபோர்னியாவின் மாமத் மலை 2023இல் வரலாறு காணாத பனிக்குப் பிறகு ஆகஸ்ட் 6 வரை திறந்திருந்தது. உயரமே இல்லாத வெர்மான்ட் மாநிலத்தின் கில்லிங்டன், ஒரே ஒரு பாதையில் குளிர்காலம் முழுக்கச் செயற்கைப் பனியை மலைபோல் குவித்து வைத்து மே மாதத்துக்கும் இழுத்துவிடுகிறது. செயற்கைப் பனி புதிதாக விழும் இயற்கைப் பனியைவிடப் பல மடங்கு அடர்த்தியானது, மெதுவாகத்தான் கரையும்.

ஆனால் அந்த 2023ஐ வைத்து ஆறுதல் கொள்வது சரியல்ல. அதே கலிஃபோர்னியாவில் 2015 ஏப்ரல் 1 அன்று பனி இருப்பு சராசரியில் வெறும் 5 சதவீதம். இரண்டு உச்சங்களுக்கு இடையே எட்டு ஆண்டுதான். குல்மார்க்கில் 2025 பிப்ரவரியில் நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி போதாமல் தள்ளிப்போய் மார்ச்சில் நடந்தன. புவி வெப்பமடைவதன் விளைவைப் பேசும்போது பொதுவாகப் பனி எவ்வளவு விழுகிறது என்பதைத்தான் பேசுகிறோம். வசந்தச் சறுக்குக்கு அதைவிட உடனடியான இழப்பு இரவில் நடக்கிறது. வெப்பநிலை சுழியைத் தொடும் உயரமான உறைவுக் கோடு மேலே ஏறிப்போய், உச்சிவரை ஈரமாகவே விடியும் காலைகள் கூடினால், கீழே மூன்று மீட்டர் பனி கிடந்தும் சறுக்கத் தகுந்த மணி நேரங்கள் குறைந்துகொண்டே போகும். ஆழத்தைக் காட்டும் அறிக்கையில் அந்த இழப்பு பதிவாகாது.

எல்லா இடமும் ஒரே நாட்காட்டியில் ஓடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கும் ஸ்வீடனின் ரிக்ஸ்கிரேன்சனில் நடுக்குளிர்காலம் இருட்டு. அங்கே பருவம் பிப்ரவரி வாக்கில் தொடங்கி மே கடைசிவரை போகும். ஜப்பானின் யமகதா மாகாணத்தில் இருக்கும் கஸ்ஸான் மலையில் குளிர்காலத்தில் சறுக்கவே முடியாது. சாலையும் லிஃப்டும் புதைந்துபோகும் அளவுக்குப் பனி விழுவதால், மற்ற ரிசார்ட்டுகள் மூடத் தொடங்கும் ஏப்ரலில்தான் அது திறக்கிறது. ஜூலைவரை ஓடுகிறது.